இடது மூலைச் சுண்ணாம்புக் கோடு

பூப்பந்துச் சங்கச் செயலாளரே, நீங்கள் அக்காவை ஏமாற்றினீர்கள். முதல் தடவை ஏமாற்றியது ஊருக்கே தெரியும். அதில் நானும் கூட்டு. இரண்டாவது தடவையும் ஏமாற்றினீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. போன மாதம் டீக்கடையில் நீங்கள் பீற்றிக்கொண்டது உண்மையானால் நீங்கள் செய்தது அயோக்கியத்தனம். பொய்யானால் அது அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம். இரண்டில் எது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் போகிறது.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு முதலில் அக்காவைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் ஊர். கடைத்தெருவில் அவருக்கு உரக்கடை. அதை ஒட்டி என் பட்டறை; மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே பேசுவது இங்கே கேட்கும். பதினாறு வருஷம் கேட்டிருக்கிறேன். அந்தக் கடையில் ஒரு நாளைக்குக் குறைந்தது பத்துத் தடவை ஒரே கேள்வி எழும். "நீ பாத்தியா, கேட்டியா?"

நட்டு இருபது நாள் ஆன வயலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் அவசரமாக வருவார்.

"அக்கா, நெல்லு மஞ்சளாயிடுச்சி. ஒரு மூட்ட யூரியா போடு."

"எந்த எல மஞ்சளாச்சி? மேலயா, கீழயா?"

"மொத்தமா மஞ்சதான்."

"நீ பாத்தியா, கேட்டியா?"

"எம் பொண்டாட்டி சொன்னா. அவதான் காலைல போனா."

"அப்ப அவளுக்குத் தெரியும். உனக்கு இன்னா தெரியும்? போயி வேரோட ஒரு குத்து புடுங்கினு வா."

"இன்னாக்கா, யாவாரம் பண்ண உனக்கு இஷ்டமில்லியா?"

"பண்ணத்தான் கடைய தொறந்து வெச்சிருக்கேன். வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வா."

அந்த ஆள் திட்டிக்கொண்டே போவார். திட்டிக்கொண்டே ஒரு குத்துப் பயிரோடு திரும்பி வருவார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேரைப் பிரித்து, முகர்ந்து பார்ப்பார். "கறுத்துப்போயி நாறுது பாரு. தண்ணி கட்டி நிக்குது. வடிச்சு வுடு. ஒரு வாரம் பொறு. உரம் வேணாம்." வாங்க வந்தவர் வெறுங்கையோடு போவார். மூட்டையைத் தோளில் ஏற்றி வாசல்வரை வந்துவிட்ட அக்காவின் வீட்டுக்காரர் அதை மறுபடி உள்ளே கொண்டுபோய் இறக்குவார். அவர் அதிகம் பேசாத மனிதர். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "நாப்பது கிலோவோ அம்பது கிலோவோ, ஒரு மூட்டைய ரெண்டு தடவ தூக்கறவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்."

எல்லா இடத்திலும் இந்தக் குணம் எடுபடாது. ஒரு சாவு வீட்டில் நான் வெட்கப்பட்டிருக்கிறேன். போனவர் அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம். "தூக்கத்துலயே ஆர்ட் அட்டாக்" என்று அங்கே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மெதுவாக, "டாக்டர் யாராச்சும் வந்து பாத்தாங்களா?" என்று கேட்டார். செத்தவரின் மகள் எழுந்து நின்று, "நாங்க விஷம் வெச்சுக் கொன்னுட்டோம்னு சொல்றியா?" என்று கத்தினாள். அக்கா பதினாறாம் நாள் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "இருந்தாலும் உங்க அப்பாவுக்கு சர்க்கர இருந்திச்சே, உன்னோடத நீ ஒருதரம் பாத்துக்கோம்மா" என்றும் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண் அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. பார்த்துக்கொண்டாளா என்றும் தெரியாது.

என்னிடமும் அப்படித்தான். அவர்கள் தோட்டத்து மோட்டாரைக் கொண்டுவந்தபோது தூக்கி வைத்த உடனே சொன்னேன், காயில் எரிந்துவிட்டது என்று. "தொறக்காமயே எப்பிடிடா தெரியும்?" என்றார். "இருபது வருஷ அனுபவம்கா" என்றேன். "அனுபவத்த வெச்சினு தொற" என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். திறந்தேன். காயில் நன்றாக இருந்தது. பேரிங்தான் இறுகிப் பிடித்திருந்தது. அவர் பேரிங்கை வாங்கி விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "எத தொட்டு எது தேயுது?" என்று கேட்டார். சொன்னேன். அரைமணி நேரம் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த மோட்டாரையும் திறக்காமல் பேசியதில்லை.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பூப்பந்து உண்டு. பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் கம்பளிப் பந்து. பந்து மண்ணைத் தொட்டால் புள்ளி போயிற்று. பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் மண் தளம். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, பால் டப்பாவில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு ஆடுவோம். அக்கா கல்லூரியில் ஆடியவர். கடைக்கு வந்த பிறகும் விடவில்லை. பெண்கள் அணிக்கு ஆள் இல்லை என்று எங்களோடு ஆடுவார். நடுவில் நிற்பார். நடுவில் நிற்கிறவருக்குத்தான் பந்து அதிகம் வரும். சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் குனிந்து நிற்பதைப் பார்த்தால் எதிராளி பந்தைத் தூக்கிப் பின்னால் அனுப்பிவிடுவான்.

ஐம்பது தாண்டியதும் இடது முட்டி போயிற்று. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும், அவர் எழுந்திருக்கும்போது முட்டி நெரிவது. "அக்கா, பேரிங் போச்சி" என்றேன். "தொறந்து பாக்காம சொல்லாத" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கல்லாவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

அப்புறம் திறந்தார்கள். டவுனில் ஒரு ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டர். என் வண்டியில்தான் அழைத்துப் போவேன், அதனால் உள்ளேயும் போயிருக்கிறேன். பழைய முட்டிக்குப் பதிலாக வைக்கப்போகிற சாமானைக் கையில் கொடுங்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்கிப் பார்த்தார். மேலே ஒரு உலோகம், கீழே ஒரு உலோகம், நடுவில் பிளாஸ்டிக். மடக்கி நீட்டினார். என் பக்கம் திரும்பி, "இதுல எத தொட்டு எது தேயும், சொல்லு" என்றார். டாக்டர் என்னை யார் என்று கேட்டார். "மோட்டார் மெக்கானிக்" என்றேன்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாளில் எக்ஸ்ரே கடைக்கு வந்துவிட்டது. எந்தச் சத்து குறைந்தால் நெல் இலை எப்படி மாறும் என்று ஒரு படம் சுவரில் மாட்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் அக்காவின் முட்டி. உரம் வாங்க வருகிறவர்கள் இரண்டையும் பார்ப்பார்கள். "இது இன்னா சத்து கொறஞ்சதுக்கா?" என்று ஒருவர் கேட்டார். அக்கா அவரை உட்காரவைத்து விளக்கினார். அவசரமாக வந்த மனிதர் மாட்டிக்கொண்டார்.

கடையின் சிமெண்டுத் தரையில் ஒரு பாயைப் போட்டுப் படுத்து, குதிகாலைத் தரையிலேயே தன் பக்கம் இழுப்பார். எவ்வளவு தூரம் வருகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. மறுநாள் இன்னொரு கோடு. சில நாள் கோடு முன்னுக்கு வரும். சில நாள் பின்னுக்குப் போகும். பின்னுக்குப் போன கோட்டையும் அழிக்க மாட்டார். வீட்டுக்காரர் அந்தக் கோடுகளை மிதிக்காமல் மூட்டையோடு சுற்றிக்கொண்டு போவார். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும்போது பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும். அழுது ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதால் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் டாக்டர் சொன்னார்: "நல்லா மடங்குதும்மா. வாக்கிங் போங்க. சைக்கிள் ஓட்டுங்க. குதிக்கிறது, சட்டுனு திரும்புறது வேணாம்."

"பூப்பந்து?"

"வேணாம்."

"உங்ககிட்ட முட்டி மாத்தினவங்க யாராச்சும் திரும்பப் பூப்பந்து ஆடிப் பாத்திருக்காங்களா சார்?"

"இல்ல."

"அப்ப வேணாம்னு பாத்து சொல்றீங்களா, கேட்டு சொல்றீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு டாக்டராக இருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். இவர் பேனாவைக் கீழே வைத்தார். "படிச்சு சொல்றேன்மா. நான் படிச்சதுல டென்னிஸ் இருக்கு, ஷட்டில் இருக்கு. பூப்பந்து இல்ல." பிறகு, "எப்படி ஆடுவீங்க, காட்டுங்க" என்றார்.

அக்கா எக்ஸ்ரே உறையையே பேட்டாகப் பிடித்து அந்தச் சின்ன அறையில் ஆடிக்காட்டினார். வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசம் ஆகட்டும். தொடையில பலம் வரணும். இடது கால் ஒண்ணுலயே நின்னு காட்டணும். அப்புறம் நடுவுல நிக்காம முன்வரிசையில நில்லுங்க. குதிக்கவே கூடாது. ரெண்டு அடிக்குள்ள வர்றத மட்டும் எடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இடது பக்கம் திடீர்னு வந்தா, இடது காலை வெளிய வெச்சு எட்டணும் பாருங்க, அது உங்க முட்டியில எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியல. மெதுவா முயற்சி பண்ணிட்டு வந்து சொல்லுங்க. எழுதி வெச்சுக்கறேன்."

வண்டியில் திரும்பும்போது அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "தெரியலன்னு சொல்ற ஒரு டாக்டர இன்னிக்குத்தான்டா பாத்தேன்."

அந்த ஒரு அடிதான் விஷயம். இடது பக்கம் எட்டி வைக்கிற ஓர் அடி. அது முடியுமா என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்துத் தளத்துக்கு வந்தார். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் கால்களைப் பார்த்தார். அடுத்த வாரம் ஆலைச் சுவரில் பந்தை அடித்து எடுத்தார். அப்புறம் முன்வரிசையில் இடது பக்கம் நின்றார். குதிக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பந்தை வலையோரம் வழியவிடுவார். இளவட்டங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் முன்வரிசையில் இறங்கிய முதல் நாள், அக்கா வருவதற்கு அரைமணி முன்னால், செயலாளரே, நீங்கள் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னீர்கள். "எவனும் அக்காவுக்கு இடது பக்கம் பந்து வெக்கக் கூடாது. வுழுந்துச்சின்னா சங்கத்துக்குக் கெட்ட பேரு." நான் தலையாட்டினேன். எல்லோரும் ஆட்டினோம். சாமி மேல சத்தியமாக, அப்போது அது சரியென்றுதான் பட்டது.

மூன்று வாரம் நடந்தது. அக்கா ஒரு புள்ளிகூட இடது பக்கம் விடவில்லை. பந்து வந்தால்தானே விடுவதற்கு.

ஒருநாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் தளத்தின் இடது மூலையில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வேரைப் பார்ப்பது போலவே பார்த்தார். காதுக் கம்மலோ எதுவோ விழுந்துவிட்டது என்று நினைத்து நான் போனேன்.

"இது இன்னாடா?"

"கோடுக்கா."

"எப்ப போட்டது?"

"சாயங்காலம். ஆட்டத்துக்கு முன்ன."

"அந்தப் பக்கத்துக் கோடு எங்க?"

பார்த்தேன். மற்ற இடத்திலெல்லாம் கோடு கால் பட்டுக் கலைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. வலது மூலையில் கோடு இருந்ததற்கு அடையாளமே இல்லை. அக்கா நின்ற இடத்துக்கு இடது பக்கம் மட்டும், ஒரு முழ நீளத்துக்கு, போட்ட கோடு போட்டபடி வெள்ளையாக இருந்தது.

"மூணு வாரமா பாக்கறேன்" என்றார். "நான் எடுத்திருந்தா என் கால் இதும்மேல பட்டிருக்கும். வுட்டிருந்தா பாயிண்ட் போயிருக்கும். ரெண்டும் இல்ல. அப்ப பந்தே வரல."

இதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். செயலாளரே, நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "அது சான்ஸுக்கா. அப்பிடி அமைஞ்சிடும்."

"ஒம்போது பேருக்கும் ஒரே சான்ஸா?"

அக்கா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. பக்கத்துக் கடக்காரன்."

நான் சொன்னேன். "செயலாளர் சொன்னாரு. நாங்க செஞ்சோம்."

"உன் நல்லதுக்குத்தானக்கா" என்றீர்கள் நீங்கள். "வுழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?"

"வுழுந்திருந்தா வுழுந்தேன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப இன்னா தெரியும்?" குரல் உயரவே இல்லை. "போன வாரம் டாக்டர்கிட்ட போயி, இடது பக்கம் நல்லா இருக்கு சார், ஒண்ணும் வுடலன்னு சொல்லிட்டு வந்தேன்டா. அவரு எழுதிக்கினாரு."

மறுநாள் காலை அக்கா என்னைக் கூப்பிடவில்லை. பஸ் ஏறி டவுனுக்குத் தனியாகப் போனார். நான் சொன்னது தப்பு, எழுதியதை அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். இதை அவர் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்துத்தான் அக்கா என்னிடம் பேசினார். "உனக்குத் தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நடுவுல ஒண்ணு பண்ணாத." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் இடது பக்கம் பந்து வைத்தோம். வைத்தோம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கை வரவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல மெதுவாக, உயரமாக, அவர் பேட்டுக்கே போய் உட்காருகிற மாதிரி வைத்தோம். நாலு நாள் பார்த்தார். "உங்களோட ஆடி எனக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. என்னத் தெரியாதவங்களோட ஆடணும்" என்றார்.

காணும் பொங்கலுக்கு எங்கள் ஊரில் போட்டி நடக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு ஆட்டம் உண்டு. அந்த வருஷம் ஏரிக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து ஓர் அணி வந்தது. அவர்களுக்கு அக்காவையும் தெரியாது, முட்டியையும் தெரியாது. தழும்பு சுடிதாருக்குள் இருந்தது. ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்பு அக்கா எங்கள் எல்லோர் முன்னாலும் உங்களைக் கேட்டுக்கொண்டார், அந்த அணியிடம் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று. நீங்கள் வலைக்கம்பத்தில் கையை வைத்து, "சொல்ல மாட்டேன்கா" என்றீர்கள். அதை நான் பார்த்தேன். கேட்டது அல்ல, பார்த்தது.

அவர்கள் அணியில் நடுவில் நின்றவர் ஒரு பஸ் டிரைவர். உயரமான ஆள், நரைத்த மீசை. முதல் ஆட்டத்தில் ஒரு பந்தை அக்காவின் இடது பக்கம் வெட்டி இறக்கினார். அக்கா காலை எடுத்தார், வைக்கவில்லை. பந்து விழுந்தது. புள்ளி போயிற்று. அக்கா கோட்டைப் பார்த்தார். அது வெள்ளையாகவே இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அதே இடத்துக்கு இன்னொரு பந்து வந்தது. நான் அவருக்குப் பின்னால், இடது பக்கம் நின்றேன். அக்காவின் இடது கால் வெளியே போனது. கோட்டின்மேல் விழுந்தது. முட்டி மடங்கியது, நின்றது. கை பின்புறமாகத் திரும்பியது. பந்து வலையின் மேல் நாடாவைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்து செத்தது.

கூட்டம் கத்தியது. அக்கா அந்தக் காலை எடுக்காமலே குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பந்து போடத் தாமதமாகிறது என்று நடுவர் விசிலடித்தார். ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்துக் கலைந்துபோன கோட்டைப் படம் எடுத்தார். தன்னை எடுக்கவில்லை, எங்களை எடுக்கவில்லை. மண்ணை எடுத்தார். அந்தப் படம் எக்ஸ்ரேவுக்குப் பக்கத்தில் ஏறியது. டாக்டரிடம் காட்டினார். அவர் மறுபடி எழுதிக்கொண்டாராம். முட்டி வலி என்று கடைக்கு வந்த எத்தனையோ பெண்களிடம் அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கிறேன். "இடது பக்கம் ஓர் அடி முடியும். நான் பாத்தேன்."

வீட்டுக்காரருக்கு இடுப்பு போய், அடுத்த இரண்டு மாதத்தில் கடையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு, அரியாங்குப்பத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே தளம் இல்லை. நடக்கிறார், அவ்வளவுதான். ஏழு வருஷம் ஆகிறது. பக்கத்துக் கடையில் இப்போது போன் ரிப்பேர். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

போன மாதம் அக்கா போன் செய்தார். வலது முட்டியும் போய்விட்டதாம். தை கழிந்ததும் ஆபரேஷன். அதே டாக்டர். "திரும்ப ஆடுவீங்களான்னு கேட்டாருடா. இடது காலு ஒருதரம் செஞ்சு காட்டுச்சில்ல, இதுவும் காட்டும், ஆடுவேன்னு சொல்லிட்டேன். இங்கயே ஒரு தளம் போட மகன்கிட்ட இடம் கேட்டிருக்கேன்." காணும் பொங்கலுக்கு வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

அதே வாரம்தான் டீக்கடையில் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நான் அக்கா வரப்போகிறார் என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அன்னிக்கி நான் இல்லன்னா அந்தப் பந்த அக்கா எடுத்திருக்குமா? மேட்சுக்கு முன்னாடியே அந்த டிரைவர்கிட்ட சொல்லிட்டேன்பா. ஒண்ணே ஒண்ணு இடது பக்கம் மெதுவா வெய்யி, அது சந்தோஷப்பட்டுப் போகட்டும்னு."

நாலு பேர் சிரித்தார்கள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஏரியைச் சுற்றிக்கொண்டு அந்த டிரைவர் வீட்டுக்குப் போனேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"எவன் சொன்னான்? மொதப் பந்து வெச்சேன், அந்தம்மா வுட்டுட்டாங்க. சரி, அங்க வீக்குன்னு ரெண்டாவதும் அங்கயே வெச்சேன். எடுத்துட்டாங்க. எனக்கு இன்னிக்கும் வயித்தெரிச்சல்."

"முட்டி மாத்தினது உங்களுக்குத் தெரியுமா?"

"நீ சொல்லித்தான் இப்பத் தெரியும்."

"மேட்சுக்கு முன்னாடி எங்க செயலாளர் உங்ககிட்ட பேசினாரா?"

வாளியைக் கீழே வைத்தார். "பேசினாரு. சோடா வாங்கிக் குடுத்தாரு."

"இன்னா பேசினாரு?"

"ஏழு வருஷத்துக்கு முன்ன குடிச்ச சோடா தம்பி. ஞாபகம் இல்ல."

இப்போது என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நீங்கள் சொன்னது ஒன்று, அவர் சொன்னது ஒன்று, நடுவில் ஒரு சோடா. அந்தப் பந்து மெதுவாக வந்ததா, வேகமாக வந்ததா? நான் பத்தடி பின்னால் நின்றேன். கண்ணால் பார்த்தேன். பார்த்தும் தெரியவில்லை. நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முழுக்கக் காலைத்தான் பார்த்தது. பந்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அடித்தவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர். எடுத்தவரிடம் போய் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லாதே என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அந்த ஒரு அடியை நம்பித்தான் அவர் இன்னொரு காலைக் கத்திக்குக் கொடுத்து, இன்னொரு தளத்துக்கு இடம் பார்க்கிறார்.

பந்து பரிசாகக் கொடுக்கப்பட்டதாகவே இருந்தாலும் கால் நின்றது நிஜம்தானே என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் மெதுவாக வந்த பந்துக்கு வைக்கிற அடி வேறு, திடீரென்று வந்த பந்துக்கு வைக்கிற அடி வேறு. டாக்டர் கேட்டது திடீரென்று வருவதைத்தான். அக்கா பதில் சொன்னதும் அதற்குத்தான்.

ஆகவே செயலாளரே, இந்தக் காணும் பொங்கலுக்கு டாஸ் போடுவதற்கு முன் மைக்கைப் பிடியுங்கள். பரிசு கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் அப்புறம் படிக்கலாம். அந்த டிரைவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார். அக்கா வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு டிரைவரிடம் சொன்னீர்களா, சொல்லவில்லையா? "அக்கா நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஏழு வருஷம் ஆச்சே" என்று முடிக்காதீர்கள். சொன்னேன் என்றால் சொன்னேன் என்று சொல்லுங்கள். டீக்கடையில் பெருமைக்கு அளந்தேன் என்றால் அதைச் சொல்லுங்கள்.

அன்றைக்குச் சுண்ணாம்பு டப்பாவை நான் எடுத்துக்கொள்கிறேன். இடது மூலைக் கோட்டை நானே போடுகிறேன். அதன்மேல் ஏறி நின்று பதில் சொல்லுங்கள்.